முதலில் தீவனம், பிறகு சந்தை

மண்ணாடிப்பட்டு வட்டாரத்தில் மாடு வளர்க்கும் சிறு விவசாயிகளுக்கு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று, தீவனச் செலவு. மற்றது, கறவை வற்றிய மாட்டை விற்பது. புதுச்சேரியில் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி பசுவை இறைச்சிக்கு வெட்டத் தடை உள்ளது. எருதுக்குத் தகுதிச் சான்று தேவை. ஆகவே, கழிக்கும் மாட்டின் விலையை நம்பிக் கணக்குப் போட இயலாது. லாபம் தீவனத்தில்தான் உள்ளது.

நெல் வைக்கோலில் புரதச்சத்து 3 முதல் 4 சதவீதமே. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூட வேண்டும். 21 நாட்கள் கழித்து, அன்றன்று தேவையானதை எடுத்து, நெடி போக ஆறவிட்டுக் கொடுக்கலாம். புரதம் ஏறக்குறைய இரு மடங்காகும்.

எச்சரிக்கை: 6 மாதத்திற்கு உட்பட்ட கன்றுகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. யூரியா கரைத்த நீரை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து.

இத்துடன், பாசன வசதியுள்ளோர் கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நடலாம். முதல் அறுப்பு 75 முதல் 80 நாட்களில். பிறகு 45 நாட்களுக்கு ஒருமுறை அறுக்கலாம்.

பால் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் புல் கரணையும், நியாய விலையில் கலப்புத் தீவனமும் விவசாயிகளின் முதல் கோரிக்கையாக அமைவது நலம்.