உங்கள் நாற்காலியில் நாளை வேறொருவர்

அப்ரைசல் முடிந்து வெளியே வருகிறவர் மனதில் ஓடும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “எனக்கு மட்டும் ஏன் இப்படி?” விடையும் உடனே வந்துவிடும். மேனேஜருக்கு ஓரவஞ்சனை, பக்கத்து சீட்காரர் காக்கா பிடிக்கிறார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த விடையை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வியை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, இன்டெல் நிறுவனத்தில் 1985-ல் நடந்ததைப் பாருங்கள். மெமரி சிப் தயாரிக்கவென்றே 1968-ல் தொடங்கிய நிறுவனம் அது. ஜப்பானிய நிறுவனங்கள் தரத்திலும் விலையிலும் முந்திக்கொள்ள, நஷ்டம் ஏறியது. ஏறக்குறைய ஒரு வருடம் பேசியும் முடிவுக்கு வர முடியவில்லை. பிரசிடென்ட் ஆண்டி குரோவின் அறையில் அவரும் தலைவர் கார்டன் மூரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் ராட்சத ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. நம்மைத் தூக்கிவிட்டு போர்டு புது ஆளைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று குரோவ் கேட்டார். மெமரி தொழிலைக் கைவிடுவார் என்றார் மூர், தயங்காமல். அப்படியானால் அதை நாமே ஏன் செய்யக் கூடாது? செய்தார்கள். இன்டெல் மைக்ரோபிராசசரில் முழுமூச்சாக இறங்கியது.

விடை மூருக்குள் ஏற்கெனவே இருந்தது. ‘நாம் என்ன செய்வது’ என்று கேட்டுக்கொண்டிருந்த வரையில், வளர்த்த பாசமும் கௌரவமும் குறுக்கே நின்றன.

இதே கேள்வியை உங்கள் சீட்டுக்குப் போடுங்கள். நாளை அங்கே புதிதாக ஒருவர் சேர்ந்தால் முதல் வாரத்தில் எதை நிறுத்துவார்? வெள்ளிக்கிழமைதோறும் எக்செல்லோடு மல்லுக்கட்டி, பத்துப் பேருக்கு சிசி போட்டு அனுப்பும் அந்த ரிப்போர்ட்டை யார் திறக்கிறார்கள் என்று அவர் விசாரிப்பார். நீங்கள் எப்போதாவது விசாரித்ததுண்டா?

‘ஏன்’ என்று கேட்பதே தப்பு என்றில்லை. டொயோட்டாவின் பொறியாளர் தாய்ச்சி ஓனோ ஐந்து முறை அடுத்தடுத்துக் கேட்கச் சொன்னவர். அவர் தந்த உதாரணத்தில் மெஷின் நின்றது, ஃபியூஸ் போனதால். அது ஏன் போனது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. பம்ப் சரியாக இழுக்கவில்லை. அதன் தண்டு தேய்ந்திருந்தது. கடைசியில் பார்த்தால், வடிகட்டி இல்லாமல் உலோகத்தூள் உள்ளே போயிருக்கிறது. மெஷினுக்கு மானம், ரோஷம் கிடையாது. மனிதரிடம் கேட்டால் இரண்டாவது ‘ஏன்’னிலேயே சாக்கு வந்துவிடும். ஆகவே ‘நான் ஏன் இவ்வளவு சோம்பேறி’ என்று கேட்காதீர்கள். இந்த ஃபைல் மூன்று நாளாக ஏன் என் மேஜையில் கிடக்கிறது என்று கேளுங்கள். அக்கவுண்ட்ஸில் யாரிடம் ஒப்புதல் வாங்குவது என்று தெரியாததுதான் காரணமாக இருக்கும். ஒரு போனில் தீரும்.

‘வேலையை விடலாமா’ என்பதும் தூக்கத்தைக் கெடுப்பதற்கே ஆன கேள்வி. இன்னும் ஒரு வருடம் இங்கே இருந்தால் ரெஸ்யூமில் புதிதாக எந்த வரி சேரும் என்று கேட்டு, பேனாவை எடுத்து அந்த வரியை எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையா? அப்படியானால் கிளம்பலாம்; ஆனால் ராஜினாமா மெயிலைத் தட்டுவதற்கு முன் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், இஎம்ஐ போகக் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று பாருங்கள்.