வேடியப்பன் கல்

திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் என்னும் சிறு நகரம் உள்ளது. அதனைச் சுற்றியுள்ள ஊர்களில் மரத்தடியிலும் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் பலகை போன்ற கற்கள் நிற்பதைக் காணலாம். கல்லில் ஒரு வீரனின் உருவம் செதுக்கப்பட்டிருக்கும். அவன் கையில் வில்லோ வாளோ இருக்கும். உருவத்தின் மேலோ பக்கத்திலோ சில வரிகள் வெட்டப்பட்டிருக்கும். ஊரார் அக்கல்லை வேடியப்பன் என்று அழைத்து, எண்ணெய் பூசி, பொங்கலிட்டு வணங்குவர். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் மூத்தோரும் அறியார். அது இன்றைய தமிழ் எழுத்தன்று, வட்டெழுத்து.

இக்கற்களுக்கு நடுகற்கள் என்று பெயர். பகைவர் கவர்ந்து சென்ற மாடுகளை மீட்கும் போரிலோ, ஊரைக் காக்கும் போரிலோ உயிர் துறந்தவனுக்கு மக்கள் நட்ட கல் அது. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகப் பகுத்துக் கூறுகிறது. நல்ல கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, கொண்டு வந்து, நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து, வாழ்த்துவதில் அது நிறைவுறும். 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் பழந்தமிழ் எழுத்தாகிய தமிழியில் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அவை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. மாடு கவர்தலைக் குறிக்கும் 'ஆகோள்' என்னும் பழஞ்சொல் அவற்றுள் ஒன்றில் வெட்டப்பட்டுள்ளது.

செங்கம் வட்டாரக் கற்களுள் எடுத்தனூர்க் கல் தனிச்சிறப்பு உடையது. அது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 7ஆம் நூற்றாண்டில் நடப்பட்டது. கருந்தேவகத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்டான். அவனுக்குக் கல் நட்டவர்கள் அதோடு நிற்கவில்லை. அவனுடன் இருந்த நாயின் உருவத்தையும் செதுக்கினர். கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதி வைத்தனர். அரண்மனை நாயன்று, மாடு மேய்ப்பவனின் நாய். அதன் பெயர் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கடந்து நமக்குக் கிடைத்திருக்கிறது.

தமிழ்நாடு தொல்லியல் துறை இப்பகுதியில் ஊர் ஊராகச் சென்று கற்களைப் படியெடுத்து, 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை 1972இல் வெளியிட்டது. ஆயினும் அரசு அலுவலர் சிலரால் எல்லாக் கற்களையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. சாலையை அகலப்படுத்தும்போது கல் புதைந்து போகலாம். நிலம் கைமாறும்போது புதிய உரிமையாளர் அதனைப் பெயர்த்தெறியலாம். துவைக்கும் கல்லாகவும் வாய்க்காலைக் கடக்கும் பாலமாகவும் மாறிய கல்வெட்டுகள் பல. தீய நோக்கம் இல்லாமலே நேரும் அழிவு இது. கல்லில் எழுத்து இருப்பதே பலருக்குத் தெரியாது.

இவ்விடத்தில்தான் ஊர் வரலாற்று அமைப்புகளின் பணி தொடங்குகிறது. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும், சில இடங்களில் வட்டந்தோறும், இத்தகைய அமைப்புகள் இயங்குகின்றன. திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவம் அவற்றுள் ஒன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், உழவர், கல்லூரி மாணவர் எனப் பலரும் இத்தகைய அமைப்புகளில் சேர்வர். ஊதியம் கிடையாது, பேருந்துக் கட்டணம்கூடப் பெரும்பாலும் சொந்தப் பணமே. விடுமுறை நாளில் காலையிலேயே புறப்பட்டுவிடுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. உச்சி வெயிலில் தேய்ந்த எழுத்துகள் கண்ணுக்குப் புலப்படா. காலையிலும் மாலையிலும் ஒளி சாய்வாக விழும்போது ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கும். எழுத்துத் தெளிவாகத் தோன்றும். மரநிழலில் நிற்கும் கல்லுக்குக் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டுப் படிப்பதும் உண்டு.

கல்லில் உள்ளதைத் தாளில் எடுப்பதற்கு மசிப்படி எடுத்தல் என்று பெயர். முதலில் நீர் தெளித்து, மென்மையான தூரிகையால் மண்ணை அகற்றுவர். கம்பித் தூரிகையை ஒருபோதும் பயன்படுத்துவதில்லை. அது எழுத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும். பின்னர் நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்படி தூரிகையால் தட்டுவர். தாள் சற்று உலர்ந்ததும் மையில் தோய்த்த துணிப்பொதியால் மெல்ல ஒற்றுவர். கல்லின் மேற்பரப்பு கருமையாகவும் எழுத்து வெண்மையாகவும் தாளில் பதியும். அதனைக் கற்றறிந்தோரிடம் காட்டிப் படித்து, இதழ்களில் வெளியிடுவர். தஞ்சாவூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் நடத்திவரும் 'ஆவணம்' என்னும் இதழில், இவ்வாறு ஊர்களிலிருந்து வரும் புதிய கல்வெட்டுகள் இடம்பெறுகின்றன.

எனினும், மசிப்படியைவிடப் பெரிய பணி ஒன்று உண்டு. படித்ததை அந்த ஊராருக்கே படித்துக் காட்டுவதுதான் அது. ஆசிரியர் ஒருவர் கல்லின் அருகே நின்று, இன்னார் மகன் இன்னார், இந்த ஊர் மாடுகளை மீட்கப்போய் மாண்டார் என்று உரக்கச் சொல்லும்போது கேட்டு நிற்பவர்களின் முகம் மாறும். அதுவரை அது வெறும் கல்லாகவோ பெயரில்லாத சாமியாகவோ இருந்தது. இனி அது நம்மூர்க்காரர் ஒருவரின் கல். அதன்மேல் துணி துவைக்க எவருக்கும் மனம் வராது.

இங்கே ஒரு சிக்கலும் எழுகிறது. கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போவதா, ஊரிலேயே விடுவதா? தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் பல வைக்கப்பட்டுள்ளன. அங்கே மழையில்லை, திருட்டுப் பயமும் குறைவு. ஆனால் மரத்தடியில் பொங்கலிடும் மூதாட்டி, "எங்க வேடியப்பனை எங்க சாமி தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டால் என்ன விடை சொல்வது? அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வீரன் இந்த ஊருக்காக மாண்டான்; கல்லும் இந்த மண்ணில்தான் நடப்பட்டது. அதே மூதாட்டி அன்பு மிகுதியால் ஆண்டுதோறும் வண்ணம் பூசுவதால் எழுத்து மறைவதும் உண்மையே. வழிபாடு நடக்கும் கல்லை ஊரிலேயே விட்டு, வண்ணமும் சிமெண்டும் பூசவேண்டாம் என்று ஊராரிடம் எடுத்துச் சொல்வதே நல்லது. கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லையும் சாலைப் பணியில் சிக்கும் கல்லையும் வட்டாட்சியருக்கு அறிவித்து அருங்காட்சியகத்தில் சேர்ப்பதே முறை. தாமாகத் தூக்கிச் செல்லும் உரிமை எந்த அமைப்புக்கும் இல்லை. மண்ணில் புதைந்து கிடைக்கும் பழம்பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. பத்து ரூபாய் அன்று பெருந்தொகை!

நடுகல் மரபு தமிழ்நாட்டோடு நின்றுவிடுவதில்லை. கர்நாடகத்தில் 'வீரகல்லு' என்றும் மகாராட்டிரத்தில் 'வீர்கள்' என்றும் குசராத்தில் 'பாளியா' என்றும் இவ்வகைக் கற்களை அழைக்கின்றனர். பெங்களூரில் எப்பால் பகுதியில் சாக்கடை தோண்டும்போது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிட்டய்யா என்னும் வீரனின் கல் வெளிப்பட்டது. அதனைக் காக்கத் தன்னார்வலரும் அப்பகுதி மக்களும் ஒன்றுகூடி மண்டபம் எழுப்பினர். 1909இல் தோன்றிய மிதிக் சொசைட்டி என்னும் அமைப்பு, பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் ஒளிவருடிப் பதிவு செய்து வருகிறது. அந்நகரின் தோம்லூர்ச் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளச் சோமேசுவரர் கோயிலிலும் உள்ள பழங்கல்வெட்டுகளுள் தமிழ்க் கல்வெட்டுகளும் உண்டு. வேலை தேடிப் பெற்றோர் வந்து குடியேறிய நகரத்தில், தமிழ் எழுத்து அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வந்து காத்திருக்கிறது.

சொற்பொருள்
ஆநிரை – மாட்டுக் கூட்டம்
ஆகோள் – மாடுகளைக் கவர்தல்
வட்டெழுத்து – வளைவுகள் மிகுந்த பழைய தமிழ் எழுத்து
மசிப்படி – மையால் தாளில் எடுக்கும் கல்வெட்டுப் படி
வட்டாட்சியர் – தாசில்தார்

சிந்தித்து எழுதுக
1. கல்வெட்டுகளைக் காலையிலும் மாலையிலும் படிப்பது எளிதாக இருப்பது ஏன்?
2. எடுத்தனூர்க் கல்லை நட்டவர்கள் நாயின் பெயரையும் எழுதியது அவர்களைப் பற்றி உமக்கு என்ன உணர்த்துகிறது?
3. மூதாட்டியின் கேள்விக்கு நீர் என்ன விடை கூறுவீர்? ஐந்து தொடர்களில் எழுதுக.

களப்பணி
வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடமோ, தொலைபேசி வழியே ஊரில் உள்ள உறவினரிடமோ பேசுக. சொந்த ஊரின் எல்லையில், ஏரிக்கரையில், மரத்தடியில் பழைய கல் ஏதேனும் உண்டா, அதனை எப்பெயரால் அழைக்கின்றனர், அதில் எழுத்து இருக்கிறதா என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வருக.