விமான நிலையத்தில் விரல்ரேகைப் பதிவு

பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லி வழியாக மீனம்பாக்கம் விமான நிலையம் சென்று, சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ அடிக்கடி பிரயாணம் செய்பவர்கள், குடியேற்றப் பரிசோதனை வரிசையில் நெடுநேரம் நிற்கும் சிரமத்தைத் தவிர்க்க விரும்பினால், மத்திய உள்துறை அமைச்சகம் 2024 ஜூனில் டில்லியிலும், 2025 ஜனவரி 16 அன்று சென்னை உள்ளிட்ட மேலும் ஏழு விமான நிலையங்களிலும் தொடங்கிய விரைவுக் குடியேற்றத் திட்டத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது உத்தமம்.

இந்தியப் பிரஜைகளுக்கும் ஓ.சி.ஐ. அட்டை உடையோருக்கும் உரிய இத்திட்டத்துக்குக் கட்டணம் இல்லையாதலால், இடைத்தரகர் எவருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பின்னர், விரல்ரேகையையும் முகப்படத்தையும் விமான நிலையத்திலோ வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலோ நேரில் பதிய வேண்டும்.

சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் உழைத்து ரேகை தேய்ந்துபோனவர்களின் நிலையே என் மனத்தை உறுத்துகிறது. இயந்திரம் அவர்கள் விரலை ஏற்க மறுப்பது அவர்களுடைய குற்றமன்று. பதிவுக்கு முந்தைய சில தினங்கள் இரவில் தேங்காயெண்ணெய் தடவி, அன்று காலை கையை நன்றாகக் கழுவித் துடைத்துச் செல்வது நலம். பின்னர் பயணத்தின்போது, குடியேற்றப் பரிசோதனையில் இத்திட்டத்துக்கென உள்ள தானியங்கிக் கதவு திறக்காவிடில், கலங்காமல் அதிகாரி அமர்ந்திருக்கும் வழக்கமான வரிசைக்குச் செல்லலாம்.

பதிவு ஐந்தாண்டுகளுக்கோ பாஸ்போர்ட் காலாவதியாகும்வரையோ, எது முந்தியதோ அதுவரை செல்லும். விண்ணப்பிக்கும்போது பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாத ஆயுள் இருத்தல் அவசியம்.