ஒரே கால்கள், வேறு வேறு ஓட்டம்

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது 100 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது படிவம் மூன்று. இவ்வாண்டுத் திடல்தடப் போட்டியில் உங்களுக்கு நான்காம் இடம். அன்று உங்களுக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்தவன் இன்று உங்களை முந்திவிட்டான். "இனி எனக்கு ஓட்டம் வராது" என்று காலணியை மூலையில் போட்டுவிட்டீர்கள். அது அங்கேயே கிடக்கட்டும். இதற்கிடையில் உங்கள் உடலுக்குள் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

பையன்கள் பெரும்பாலும் 13, 14 வயதில் கிடுகிடுவென உயர்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே வந்துவிடும். ஆனால் எல்லாருக்கும் ஒரே வயதில் வருவதில்லை. பன்னிரண்டு வயதில் வெல்பவர் பல வேளைகளில் மற்றவர்களைவிட முந்தி வளர்ந்தவர்தான். மற்றவர்கள் பிறகு வளர்ந்து எட்டிப் பிடிக்கிறார்கள். அதனால் நீங்கள் மெதுவாகிவிட்டதாக அர்த்தமில்லை.

இன்னொன்றும் உண்டு. வளரும்போது முதலில் கால்கள் நீள்கின்றன. உடம்பு பிறகுதான் நீள்கிறது. பழைய நீளத்துக்குப் பழகிய மூளை புதிய கால்களை ஆளக் கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை ஓட்டத்தில் ஒரு தடுமாற்றம் இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு இடுப்பு அகன்று உடலில் கொழுப்பின் பங்கும் கூடுவதால், ஓரிரு ஆண்டுகள் ஓட்ட நேரம் முன்னேறாமல் அப்படியே நிற்கலாம். இதைச் சோம்பல் என்று திட்டும் பெரியவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இனி நம் நாட்டில் ஓடிக் காட்டிய ஒருவரைப் பார்ப்போம். 'பறக்கும் மருத்துவர்' என்று பெயர் பெற்ற டாக்டர் எம். ஜெகதீசன், 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது 16. 1962இல் ஜாக்கர்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். 1966இல் பேங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நின்றது; 2017இல்தான் கைருல் ஹாபிஸ் ஜந்தான் 20.90 வினாடியில் அதை முறியடித்தார். (மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. விரைவோட்டக்காரருக்கு அது உதவி, நெட்டோட்டக்காரருக்குத் தொல்லை.)

அப்போது அவருக்கு வயது 24. அதற்குப் பின் அவருடைய களம் மருத்துவ ஆய்வு. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராகவும் இருந்தார். விளையாட்டை விட்டு அவர் விலகவுமில்லை. காமன்வெல்த் விளையாட்டுச் சம்மேளனத்தின் மருத்துவ ஆலோசகராகப் பணியாற்றினார்.

விரைவோட்டக்காரர்கள் இருபதுகளிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுவது ஏன்? நம் தசையில் இருவகை நார்கள் உண்டு. வேக நார்கள் சட்டென்று சுருங்கும், சீக்கிரம் களைத்துப்போகும். மெது நார்கள் நிதானமாகச் சுருங்கும், நெடுநேரம் தாங்கும். விரைவோட்டத்துக்கு வேக நார்களே பலம். தசையில் முன்பே சேமித்து வைத்திருக்கும் சக்தி சுமார் பத்து வினாடிதான் வரும். வயது ஏற ஏற முதலில் மெலிபவை இந்த வேக நார்களே. மெது நார்கள் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

அதனால்தான் பஞ்சாபில் பிறந்து லண்டனில் வாழ்ந்த பௌஜா சிங், எண்பது வயதுக்கு மேல் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு, 2000இல் 89 வயதில் முதல் மாரத்தானை ஓட முடிந்தது. 2011இல் டொராண்டோ மாரத்தானை முடித்தபோது அவருக்கு 100 வயது என்றார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. சில ஆண்டுகள் கூடக்குறைய இருந்தாலும், அந்தக் கால்கள் 42 கிலோமீட்டர் ஓடியது பொய்யில்லை.

சரி, மெதுவான நெடுந்தூர ஓட்டத்தைத் தொடங்குகிறீர்கள். முதல் இரண்டு வாரம் நரகம் போலிருக்கும். அதிலும் நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் புழுக்கத்தில் வியர்வை காயாது. உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருக்கும். பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஓரிரு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடத் தொடங்கி, இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளப் பழகும். ஆறு வாரம் போனால் தசைச் செல்களில் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகியிருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூச்சு முதலில் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் தேறப் பல மாதங்கள் ஆகும். "இப்போது இரைப்பே இல்லையே" என்று தூரத்தை ஒரேயடியாகக் கூட்டினால் கணைக்கால் முன்னெலும்பு வலிக்கும். முழங்காலுக்குக் கீழே முட்டு போல் புடைத்து வலித்தால், வளரும் எலும்பைத் தசைநாண் இழுக்கிறது என்று பொருள். ஓய்வெடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்து பாருங்கள்: பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஏரிப்பூங்கா இருக்கிறது, கிள்ளானில் இருப்பவர்களுக்குத் தாமான் ரக்யாட். வெயில் ஏறுமுன் போங்கள். ஆஸ்துமா அல்லது இதயக் கோளாறு உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் பத்து நிமிடம் ஓடுங்கள். நின்றதும் மணிக்கட்டில் 15 வினாடி நாடித்துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். வாரம் மூன்று நாள், ஆறு வாரம். பெரும்பாலும் அந்த வித்தியாசம் கூடிக்கொண்டே வரும்.

அப்பாவையோ அம்மாவையோ உடன் அழைத்துப் போங்கள். அவர்கள் வேகமாக நடந்தால் போதும். 220இலிருந்து வயதைக் கழித்தால் ஒருவரின் உச்ச இதயத்துடிப்பு தோராயமாகக் கிடைக்கும்: உங்களுக்கு 205, நாற்பத்தைந்து வயது அப்பாவுக்கு 175. ஆகவே எண்களை ஒப்பிட்டு அவரைக் கேலி செய்ய வேண்டாம். அவருடைய ஆறாவது வார எண்ணை அவருடைய முதல் வார எண்ணோடு மட்டும் வைத்துப் பாருங்கள்.