கயிறும் நிழலும்: சாரணர் பையில் ஓர் ஆய்வுக்கூடம்



சாரணர் இயக்கம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? நான் கேட்டுப் பார்த்தவரைக்கும் மூன்றே பதில்தான். சீருடை, கொளுத்தும் வெயிலில் காவாட், பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான புறப்பாடப் புள்ளி. மூன்றாவதை நான் குறை சொல்ல மாட்டேன். தேர்வுக்கு 90, புறப்பாடத்துக்கு 10 என்று கணக்குப் பார்த்து இடம் கொடுக்கும் நாட்டில், அந்தப் பத்தை யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் புள்ளிக்காக மட்டும் சேர்ந்து, ஐந்து வருடம் வரிசையில் நின்றுவிட்டு வெளியே வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமா இருக்கு. ஆய்வுக்கூடத்துச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமலே போகிறார்கள்.

நான் படிவம் 1 முதல் 5 வரை சாரணன். இப்போது இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வட்டார இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே படிவம் 3 படிக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். அடுத்த ஆண்டு இயற்பியல் எடுக்கலாமா வேண்டாமா என்று அவள் முடிவு செய்தாக வேண்டும். "அண்ணா, எனக்கு ஃபிசிக்ஸ் வராது" என்பதுதான் அவளுடைய வழக்கமான பேச்சு. இத்தனைக்கும் அவள் பள்ளிச் சாரணியர் குழுவில் முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரி! முடிச்சு வரும், இயற்பியல் வராது என்றால், இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் அவளுக்குக் காட்டவில்லை என்றுதான் பொருள்.

பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுக்குச் சுமார் 20 சிறுவர்களைக் கூட்டிப்போய் முதல் முகாமை நடத்தினார். அடுத்த ஆண்டே கைநூல் வந்தது. அவருடைய முறை எளிது: சின்னக் குழுவாகப் பிரி, கையால் செய், உற்றுக் கவனி. பாடம் அதற்குப் பிறகுதான். இப்போது பல இடங்களில் இது தலைகீழ். முடிச்சின் பெயரை மனப்பாடம் செய்து, சின்னம் வாங்கி, மறந்துவிடுகிறோம்.

முதலில் கயிறு.

தேவையானவை: இரண்டு கனமான மேசை, நடுவில் வைக்க ஒரு உறுதியான உருண்டைக் கழி, 3 மீட்டர் கயிறு, 5 லிட்டர் தண்ணீர் பிடித்த வாளி, ஒரு பிளாஸ்டிக் பை, கொஞ்சம் மணல், சமையலறைத் தராசு. கழி உருளாதபடி இரு பக்கமும் கட்டிவிடுங்கள். கயிற்றைக் கழியின் மேல் சும்மா போட்டு, ஒரு முனையில் வாளி, மறுமுனையில் பை. வாளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். வாளி வழுக்கி இறங்காமல் நிற்க, பையில் குறைந்தது எவ்வளவு மணல் வேண்டும்? அதை நிறுத்துப் பாருங்கள். பிறகு கயிற்றை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி. அப்புறம் இன்னும் ஒரு சுற்று.

முன்கூட்டியே யூகிக்கச் சொன்னால் பிள்ளைகள் "ஒவ்வொரு சுற்றுக்கும் பாதி பாதியா குறையும்" என்பார்கள். அப்படி இல்லை. கயிற்றுக்கும் கழிக்கும் இடையே உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், சும்மா தொங்கப்போட்டபோது ஏறக்குறைய 1.9 கிலோ மணல் வேண்டும். ஒரு சுற்றுக் கூட்டினால் 300 கிராம் போதும். இன்னொரு சுற்று, 45 கிராம். ஒரு கைப்பிடி மணல் 5 கிலோ வாளியைப் பிடித்து நிறுத்துகிறது! ஒவ்வொரு சுற்றும் தேவையான எடையை ஆறரையால் வகுக்கிறது. உங்கள் கயிற்றுக்கு இந்த எண்கள் மாறும், அது நல்லதுதான். உங்கள் எண்ணிலிருந்து உங்கள் கயிற்றின் உராய்வுக் கெழுவை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பல்கலைக்கழகத்தில் நிலையியல் வகுப்பில் இது ஆய்லர் பெயரில் ஒரு சூத்திரமாக வரும். 2.718 என்ற எண்ணின் அடுக்காக, உராய்வுக் கெழுவும் சுற்றிய கோணமும் பெருக்கி நிற்கும். அதில் ஒரு வேடிக்கை, கழியின் தடிமன் எங்கேயுமே வராது. மெல்லிய கழியா, தடித்த கழியா, ரெண்டும் ஒண்ணுதான். என் வகுப்பில் இதை நம்ப மறுத்தவர்கள் உண்டு. வாளியும் மணலும் வைத்துச் செய்து பார்த்த படிவம் 2 பையன் ஒருவன் அலட்டிக்கொள்ளாமல் ஒத்துக்கொண்டான்.

ஒரு படகைக் கரையில் கட்டும்போது பாருங்கள். இரும்புக் கட்டையைச் சுற்றி வடத்தைப் பல சுற்றுப் போடுவார்கள், முடிச்சு அப்புறம்தான். கோயில் திருவிழாவுக்கு மூங்கில் பந்தல் கட்டும் அங்கிளும் அதையேதான் செய்கிறார். பாரத்தைத் தாங்குவது சுற்று. முடிச்சின் வேலை அந்தச் சுற்று அவிழாமல் பார்த்துக்கொள்வது மட்டும். சாரணர்கள் இரண்டு கழிகளைச் சேர்த்துக் கட்டும்போது கடைசியில் கழிகளுக்கு நடுவே குறுக்காகச் சுற்றி இறுக்குகிறார்களே, அதுவும் உராய்வைக் கூட்டத்தான்.

முடிச்சுன்னா 'புக்கு சிலா' ஞாபகம் இருக்கா? வலதை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல். இரண்டு முறையும் வலதையே மேலே போட்டால் வேறொரு முடிச்சு வரும். ஆங்கிலத்தில் அதைப் பாட்டி முடிச்சு என்கிறார்கள் (பாவம் பாட்டிகள்!). பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும், இழுத்தால் பாட்டி முடிச்சு சுலபமாக நழுவும். ஏன்? சாரணர் பிள்ளைகள் பதினொரு வயதில் போடும் முடிச்சுக்குத் தெளிவான விளக்கம் 2020இல்தான் 'சயன்ஸ்' இதழில் வந்தது. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள், இழுவிசை பட்டால் நிறம் மாறும் இழைகளால் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள், கணினியிலும் கணித்தார்கள். கயிறு தன்னையே குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முறுக்கு ஏற்படுகிறது. பாட்டி முடிச்சில் அந்த முறுக்குகள் ஒரே திசையில் இருப்பதால் கயிறு உருண்டு நழுவிக்கொள்ளும். புக்கு சிலாவில் அவை எதிரெதிராக இருந்து ஒன்றையொன்று தடுத்துவிடும்.

இப்போது குனிந்து உங்கள் காலணிக் கயிற்றைப் பாருங்கள். வளையங்கள் இரண்டும் காலுக்குக் குறுக்கே படுத்திருந்தால் நீங்கள் போட்டது புக்கு சிலா. குதிகாலிலிருந்து விரல் நோக்கி நீளவாக்கில் திரும்பியிருந்தால் பாட்டி முடிச்சு, அடிக்கடி அவிழும். ஒன்று மட்டும் கவனம்: புக்கு சிலாவும் கட்டுப்போடவும் பொட்டலம் கட்டவும்தான். ஆளைத் தாங்கும் கயிற்றில் இதை நம்பவே கூடாது.

அடுத்து நிழல்.

சாரணர் கைநூல்கள் பலவற்றில் திசை காண ஒரு வழி இருக்கும். கைக்கடிகாரத்தின் மணி முள்ளைச் சூரியனை நோக்கித் திருப்பு, அந்த முள்ளுக்கும் 12க்கும் நடுவில் தெற்கு. பாடமாக ஒப்பிப்போம், சின்னமும் கிடைக்கும். ஆனால் இங்கே அது வேலைக்கு ஆகாது. ஐரோப்பாவில் சூரியன் கிழக்கிலிருந்து தெற்கு வழியாக மேற்குக்கு ஏறக்குறைய சீராகச் சுற்றிப் போகிறது. அந்தச் சுற்றைத்தான் கடிகார முள் பின்பற்றுகிறது. நம் ஊரில் சூரியன் காலை முழுக்கக் கிழக்குப் பக்கமாகவே உச்சிக்கு ஏறி, தலைக்கு மேலே தாண்டி, மேற்குப் பக்கம் இறங்கிவிடும். ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், டிசம்பரில் தெற்கே. பத்தாததற்கு நம் கடிகாரமும் சூரியனை விட முந்தி ஓடுகிறது. தீபகற்பத்து நேரத்தை 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்தள்ளி, சபா சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அந்த நேரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, கோலாலம்பூர் இருப்பது 101.7இல். வித்தியாசம் 18.3 பாகை, பாகைக்கு 4 நிமிடம், ஆக 73 நிமிடம். நமக்கு உண்மையான நண்பகல் பகல் 1 மணி தாண்டித்தான்.

இதற்கு மாற்று ஒரு குச்சிதான். சமதரையில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நடுங்கள். நிழலின் நுனியில் ஒரு கல். இருபது நிமிடம் கழித்து, நகர்ந்த நுனியில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. பகலின் நடுப்பகுதியில் செய்தால் நம் ஊரில் இது நன்றாகவே பொருந்தும். கைப்பேசித் திசைகாட்டியோடு ஒப்பிட்டு எத்தனை பாகை பிசகுகிறது என்று எழுதிவையுங்கள். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் கோலாலம்பூரில் அதே குச்சிக்கு, 1 மணி கடந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில், நிழலே இருக்காது. அதைப் பார்த்த பிள்ளைகளுக்குப் பூமியின் சாய்வைப் பற்றி நான் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

இரவுக்கும் இதே கதைதான். துருவ நட்சத்திரத்தைத் தேடு என்கிறது கைநூல். கோலாலம்பூரில் அது அடிவானத்துக்கு 3 பாகை மேலேதான், மரமும் மேகமும் மறைத்துவிடும். டிசம்பரில் இரவு 8, 9 மணிக்குக் கிழக்கே பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும், அதுதான் ஓரியனின் இடைவார். அது ஏறக்குறைய நேர்க்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறையும். அதற்கு இடப்பக்கத்தில் செம்மையாக மின்னுவதுதான் நம்ம திருவாதிரை.

கைநூல் தப்பு என்று சொல்ல வரவில்லை. அது வேறு மண்ணுக்கு எழுதப்பட்டது. எழுதியிருப்பதை நம் மண்ணில் வைத்துச் சோதிப்பதைத்தான் ஆய்வுக்கூடத்திலும் செய்கிறோம். முகாமில் இதற்கு வாய்ப்பு அதிகம். விறகடுப்பில் காற்று எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதிலிருந்து, அக்டோபரில் நடக்கும் வானொலி ஜம்போரி வரை. அதில் அனுமதி பெற்ற அமெச்சூர் வானொலி நிலையத்திலிருந்து உலகச் சாரணர்களோடு பேசலாம். உங்கள் குழு கலந்துகொண்டால் தவறவிடாதீங்க.

ரோபோ போட்டிகளுக்கு நான் எதிரி இல்லை, நானும் கலந்துகொண்டவன்தான். ஆனால் ஒரு பெட்டி விலைக்கு முப்பது பிள்ளைகளுக்குக் கயிறு வாங்கலாம். பெட்டியில் பெரும்பாலும் இரண்டு பேர் செய்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். தோட்டப்புறப் பள்ளியிலும் அடுக்குமாடி வீட்டிலும் கயிறும் குச்சியும் கிடைக்கும்.

நடத்தப்போகும் அண்ணன் அக்காக்களுக்கு: நான்கு பேருக்கு ஒரு கயிறு போதும், அதற்கு மேல் வேண்டாம். விடையை முதலில் சொல்லாதீங்க. ஒவ்வொருவரும் தன் யூகத்தை எழுதிய பிறகே வாளியைத் தொங்கவிடுங்கள். சுற்றை மாற்றும்போது வாளியைத் தரையில் இறக்கி வையுங்கள், கால் விரல் பத்திரம்.

நான் சொன்ன அந்தத் தங்கை இயற்பியல் எடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் போன வாரம் வரைபடத் தாளில் தன் மூன்று புள்ளிகளைக் குறித்துவிட்டு, கீழே ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தாள்: "கயிறு நனைஞ்சா கூடப் பிடிக்குமா, குறைவாப் பிடிக்குமா?" நைலான் கயிறு ஒன்று, சணல் கயிறு ஒன்று, ஒரு பாத்திரம் தண்ணீர். இந்த ஞாயிறு அதைத்தான் செய்யப்போகிறோம். நீங்களும் உங்கள் மன்றத்தில் செய்து, எண்களை எழுதி வையுங்கள்.