பத்தாயிரத்துக்குள் போன்: எதை விடலாம், எதை விடக்கூடாது?

பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்குகிற எந்தப் போனிலும் ஏதாவது ஒரு குறை இருக்கத்தான் செய்யும். குறையே இல்லாத போன்தான் வேண்டும் என்று தேடினால் பட்ஜெட் பதினைந்து, இருபது என்று ஏறிக்கொண்டே போகும். அதனால் தங்கச்சி, மைசூர் தேவராஜ அர்ஸ் ரோட்டில் கால் வைப்பதற்கு முன்னாலேயே நீ முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்தக் குறையை நாலு வருஷம் பொறுத்துக்கொள்வாய், எதைப் பொறுக்க மாட்டாய்? அந்தத் தெருவில் கடைக்குக் கடை ஆபர் போர்டு தொங்கும். உள்ளே போன பிறகு யோசிக்க அவகாசமே கிடைக்காது.

பொதுவாகச் சொன்னால் புரியாது, நிஜமான மூன்று போன்களை வைத்தே சொல்கிறேன். 2024 நவம்பரில் ரெட்மி ஏ4 5ஜி 8,499 ரூபாய்க்கு வந்தது. அடுத்த மாதமே மோட்டோ ஜி35 5ஜி, 9,999 ரூபாய். 2025 பிப்ரவரி கடைசியில் சாம்சங் கேலக்ஸி எம்06 5ஜி, ஆபர் கழித்து 9,499 ரூபாய். மூன்றிலும் 5ஜி உண்டு, மூன்றிலும் 4 ஜிபி ரேம். விலையில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுதான் வித்தியாசம். ஆனால் விலையைக் குறைக்க ஒவ்வொரு கம்பெனியும் கை வைத்த இடம் வேறு வேறு.

ரெட்மியில் கை வைத்த இடம் நெட்வொர்க். 5ஜி-யை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். ஜியோ கொடுப்பது 4ஜி-யின் துணையில்லாமல் தனியாக நிற்கும் 5ஜி. ஏர்டெல் 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, ஏற்கெனவே இருக்கும் 4ஜி-யின் மேல் ஏற்றிக் கட்டிய 5ஜி. ரெட்மி ஏ4-ல் இருக்கும் ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப்புக்கு முதல் வகை மட்டும்தான் தெரியும். எனவே பெட்டியில் பெரிதாக 5ஜி என்று போட்டிருந்தும், ஏர்டெல்லின் அந்த 5ஜி இந்தப் போனில் எடுக்காது, 4ஜி-யில்தான் ஓடும். அதே சிப்போடு வந்த போக்கோ சி75-லும் இதே கதைதான். ஜியோ சிம் வைத்திருப்பவருக்கு இது ஒரு குறையே இல்லை. ஏர்டெல் வைத்திருப்பவர் கொடுக்கிற காசில் ஒரு பகுதி வீண்.

ஆகவே போனைப் பார்ப்பதற்கு முன்னால் சிம்மைப் பார். உன் ஹாஸ்டல் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, எந்த சிம் நன்றாக எடுக்கிறது? பக்கத்து அறைப் பெண்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும். மானசகங்கோத்ரி பல்கலைக்கழக வளாகத்தில் மரத்தடியில் எடுக்கிற சிக்னலும், கட்டடத்துக்குள் எடுக்கிற சிக்னலும் ஒன்றல்ல. ஜியோவின் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டி வரும், அதற்குப் போனில் என்28 பேண்ட் இருக்க வேண்டும். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வேண்டியது என்78. இந்த இரண்டும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. இன்னொன்றையும் கணக்கில் வை: 2024 ஜூலையில் கட்டணம் ஏறியதிலிருந்து, அன்லிமிடெட் 5ஜி வேண்டுமானால் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேலான பிளான் போட்டாக வேண்டும் என்று ஜியோவும் ஏர்டெல்லும் வைத்துவிட்டன. ஹாஸ்டலில் வைஃபை நன்றாக இருந்து, நீ சின்ன பிளானோடு நிறுத்திக்கொள்வாய் என்றால், 5ஜி-க்காக மற்றதை எல்லாம் விட்டுக்கொடுக்க அவசியமில்லை.

மோட்டோவுக்கும் சாம்சங்குக்கும் வருகிறேன். மோட்டோ ஜி35-ன் திரை இந்த விலையில் அபூர்வம். ஃபுல் எச்டி, எழுத்து கூர்மையாக இருக்கும், பிடிஎஃப்-ஐ மணிக்கணக்கில் படிக்கிறவர்களுக்குக் கண் வலிக்காது. ஆனால் ஆண்ட்ராய்டு மாற்றம் ஒரே ஒரு முறை, பாதுகாப்பு அப்டேட் இரண்டு வருஷம், அவ்வளவுதான் வாக்குறுதி. சாம்சங் எம்06-ல் திரை சாதாரண எச்டி, பெட்டிக்குள் சார்ஜரும் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். அதற்குப் பதிலாக நாலு ஆண்ட்ராய்டு மாற்றம், நாலு வருஷப் பாதுகாப்பு அப்டேட்.

நான் இதில் தயங்கவே மாட்டேன், அப்டேட் பக்கம்தான் சாய்வேன். காரணம் சொல்கிறேன். இன்று உன் வங்கி ஆப், யுபிஐ, ஆதார், பரீட்சை ஹால் டிக்கெட் எல்லாம் இந்த ஒரு பொருளுக்குள் இருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் நின்றால் போன் அன்றைக்கே செத்துவிடாது, நன்றாகத்தான் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிற ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. சில வருஷம் கழித்து ஆப்களே ஒவ்வொன்றாகக் கைவிடும். 2025 ஜனவரியில் வாட்ஸ்ஆப் பழைய ஆண்ட்ராய்டு கிட்கேட் போன்களில் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். கணக்கும் அதையே சொல்கிறது. 9,999 ரூபாயை இரண்டு வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு ஐயாயிரம். 9,499-ஐ நாலால் வகுத்தால் 2,375. சார்ஜருக்கு ஆயிரம் ரூபாய் சேர்த்தாலும் எது லாபம் என்று தெரிகிறது இல்லையா?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்டேட் வருஷங்களை எண்ணுவது நீ வாங்கிய தேதியிலிருந்து அல்ல, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. தசரா ஆபரில் ஒன்றரை வருஷப் பழைய மாடலை இரண்டாயிரம் குறைத்துத் தருவார்கள். அதில் ஒன்றரை வருஷ அப்டேட் ஏற்கெனவே கழிந்து போயிருக்கும். மாடல் பெயரோடு வெளியான மாதத்தையும் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டுப் போ. பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரில் எம்ஆர்பி-க்குப் பக்கத்தில் தயாரித்த மாதமும் இருக்கும். ரொம்ப நாள் கிடங்கில் கிடந்த போன் என்றால் பேட்டரிக்கும் அத்தனை வயசு.

அடுத்தது ரேம், ஸ்டோரேஜ். போஸ்டரில் '8 ஜிபி ரேம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில் '4+4' என்று போட்டிருப்பார்கள். அந்த இரண்டாவது 4 நிஜமான ரேம் இல்லை, ஸ்டோரேஜில் ஒரு மூலையை எடுத்து ரேம் மாதிரி பயன்படுத்துவது. வேகம் அந்த அளவுக்கு வராது. டெமோ போனில் செட்டிங்ஸ் போய், 'அபவுட் போன்' தொட்டுப் பார், இரண்டும் தனித்தனியாகத் தெரியும். கூட்டலுக்கு முன்னால் இருக்கிற எண்ணை மட்டும் நம்பு. ஸ்டோரேஜில் 64 ஜிபி வேண்டவே வேண்டாம். அதில் கணிசமான பகுதியை சிஸ்டமே எடுத்துக்கொள்ளும், மீதியை வாட்ஸ்ஆப் குரூப்புகள் ஒரு செமஸ்டருக்குள் நிரப்பிவிடும். நிரம்பிய போன் தானாகவே மெதுவாகும். 128 ஜிபி-தான் அடிமட்டம். மெமரி கார்டு போடலாமே என்பாய். சில போன்களில் இரண்டாவது சிம்மும் கார்டும் ஒரே இடத்தில்தான் உட்காரும். ஊர் நம்பர் ஒன்று, இங்கே வாங்கிய நம்பர் ஒன்று என்று இரண்டு சிம் வைத்திருக்கும் உன்னைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவராது. ஸ்டோரேஜ் வகையையும் கேள். யுஎஃப்எஸ் என்றால் நல்லது, இஎம்எம்சி என்றால் மெதுவானது.

இவ்வளவு விலைக்கு இவ்வளவு ரேம் என்று போன வருஷம் கேள்விப்பட்டதை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசாதே. 2025 கடைசியில் மெமரி சிப் விலை உலகம் முழுக்க ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். அதன் அடி முதலில் விழுவது மலிவு போன்களின் மேல்தான், அவற்றில் லாபமே கொஞ்சம். நான் மேலே சொன்னதெல்லாம் அந்தப் போன்கள் வெளியான நாள் விலை. போகிற அன்றைக்கு இரண்டு கடையிலும் ஆன்லைனிலும் பார்த்துக்கொள்.

கேமராவைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. 50 மெகாபிக்சல் என்பது இந்த விலையில் எல்லாரும் எழுதுவது. பக்கத்தில் இருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோவெல்லாம் வெறும் எண்ணிக்கைக்கு. கரும்பலகையில் எழுதியதை வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து எடுத்தால் படிக்க முடிகிறதா என்று மட்டும் பார்.

திரையை மட்டும் கடைக்குள் நின்று பார்த்து ஏமாறாதே. ஏசி அறையின் வெள்ளை விளக்கில் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். டெமோ போனை வாசல்வரை எடுத்துப் போகக் கேள், பெரும்பாலும் கடைப்பையன் கூடவே வருவான். நடைபாதை வெயிலில் நின்று, பிரைட்னெஸை முழுக்க ஏற்றி, எதிரே இருக்கும் கடையின் கியூஆர் கோடை கேமராவில் பிடித்துப் பார். பிறகு கீபோர்டைத் திறந்து தமிழில் நாலு வரி, கன்னடத்தில் உன் பெயர், வேகமாக அடித்துப் பார். விரலுக்குப் பின்னால் எழுத்து தாமதமாக வந்தால், புதுப் போனிலேயே இப்படி என்றால், இரண்டு வருஷம் கழித்து என்ன ஆகும்? உன் சிம்மை அதில் போட்டு ஒரு கால் பேச விடுவார்களா என்றும் கேள். மறுத்தால் அடுத்த கடை.

பேட்டரியில் இப்போது கவலை குறைவு, 5,000 எம்ஏஎச் எல்லாரும் தருகிறார்கள். நீ ஊருக்கு வருவது சாம்ராஜ்நகர் வழியாக, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கி. காட்டுக்குள் சிக்னல் தேடித்தேடியே போன் சார்ஜைத் தின்னும். அந்த நேரம் பேட்டரி சேவரில் போடு, டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. சார்ஜ் ஏறும் வேகத்தை விட்டுக்கொடுக்கலாம், ராத்திரி முழுக்க ஏறட்டும். வயர் ஹெட்போன் ஓட்டையை விட்டுக்கொடுக்காதே என்பேன். ப்ளூடூத் இயர்போன் செலவு மிச்சம், எஃப்எம்-மும் கேட்கலாம், அந்த வயர்தான் அதற்கு ஆண்டெனா. 1935-ல் எம்.வி. கோபாலசாமி என்ற பேராசிரியர் தன் வீட்டிலேயே வானொலி நிலையம் தொடங்கிய ஊருக்கு வந்திருக்கிறாய், ரேடியோ கேட்காமல் போகாதே. கன்னடம் பழக அதைவிட மலிவான டீச்சர் இல்லை.

சர்வீஸ் சென்டர் மைசூரில் இருக்கிறதா என்று கம்பெனி தளத்தில் பார்த்துவிட்டே பிராண்டை முடிவு செய். திரை உடைந்தால் பெங்களூருக்குப் போய்வரும் ஒரு நாளும் செலவுதான்.

காசு கட்டும் இடத்தில் நிதானமாக இரு. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பார்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேள், அதற்கு அப்புறம்தான் இஎம்ஐ பேச்சு. பிராசஸிங் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, கூடவே செருகுகிற இன்ஷூரன்ஸ் எல்லாம் கூட்டினால் வித்தியாசம் தெரியும். பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடு. பில் இல்லாமல் வாரண்டியும் இல்லை, திருடு போனால் புகார் கொடுக்கவும் கஷ்டம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா என்று கேட்டாய். தப்பில்லை. இரண்டு வருஷம் முன்னால் இருபதாயிரத்துக்கு விற்ற போன், இன்றைய பத்தாயிரம் ரூபாய் புதுப் போனைவிடத் திரையிலும் வேகத்திலும் மேலாகவே இருக்கும். பேட்டரி மாற்றும் செலவையும், மீதி அப்டேட் எத்தனை வருஷம் என்பதையும் கழித்துப் பார்த்துவிட்டு விலை பேசு. ஆனால் ஒரு சோதனை இல்லாமல் காசை எடுக்காதே. போனில் *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பு. எந்தக் கம்பெனி, எந்த மாடல், எண்ணின் நிலை என்ன என்று பதில் வரும். தடை செய்யப்பட்டது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால், விற்பவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடு.

ஐஎம்இஐ எண்ணையும் பில்லையும் போட்டோ எடுத்து உனக்கே மெயில் அனுப்பி வை. தசரா ஜம்பு சவாரி ஊர்வலத்தன்று சயாஜி ராவ் ரோட்டில் நிற்கிற கூட்டத்தில் போன் காணாமல் போனால், போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க இந்த இரண்டும் கையில் இருக்க வேண்டும். வாங்கிய போன் முதல் வாரமே தகராறு செய்து, கடைக்காரர் கம்பெனியைக் காட்ட, கம்பெனி கடையைக் காட்டினால், 1915-க்குக் கூப்பிடு. அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

உன் பழைய போனை அம்மாவுக்குக் கொடுப்பதாகச் சொன்னாய். கொடுப்பதற்கு முன்னால் செட்டிங்ஸில் கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்த மாதத்தைப் பார். இரண்டு, மூன்று வருஷத்துக்கு முந்தையது என்றால், உன் கணக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஃபேக்டரி ரீசெட் செய்து, பாட்டுக் கேட்கவும் நம்மோடு வீடியோ காலில் பேசவும் மட்டும் அமைத்துக் கொடு. வங்கி ஆப்பும் ஜிபேயும் அதில் வேண்டாம். அவை தொடுவது அம்மாவின் பென்ஷன் வருகிற கணக்கை. அந்த வேலைக்கு வேறு போன் நானே பார்த்து வாங்குகிறேன்.