கரிசல் புனைவுலகில் உவகை: பால்புதுமை இளையோர் எழுத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் திருநங்கையர், பால்புதுமையினர் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் துயரத்தின் பதிவுகளாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றுள் இடம்பெறும் மகிழ்ச்சித் தருணங்கள் ஆய்வில் போதிய கவனம் பெறவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் ‘உவகை’ என்னும் கருத்தைக் கருவியாகக் கொண்டு, கோவில்பட்டியை மையமாகக் கொண்ட கரிசல் எழுத்தையும் தமிழ்த் தன்வரலாறுகளையும் பிறமொழி இளையோர் நாவல்களையும் இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. கரிசல் வட்டார வழக்கின் பாலீறுகள் இவ்வகை எழுத்துக்குத் தரக்கூடிய வாய்ப்புகளும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கரிசல் இலக்கியம், உவகை, பால்புதுமை, இளையோர் நாவல், பாலீறு, வட்டார வழக்கு

முன்னுரை

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள வானம்பார்த்த பூமி தமிழ்ப் புனைகதைக்கு அளித்த கொடை பெரிது. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் தொடங்கி, பூமணி, சோ. தர்மன், கோணங்கி, ச. தமிழ்ச்செல்வன் எனத் தொடரும் அம்மரபில் இருகூறுகள் இக்கட்டுரையின் நோக்கில் முதன்மை பெறுகின்றன. சிறுவரையும் விடலைப் பருவத்தினரையும் கதையின் நடுவில் நிறுத்தும் துணிவு ஒன்று. கி.ரா.வின் ‘பிஞ்சுகள்’ குறுநாவலில் பறவைகளோடும் கரிசல் வெளியோடும் சிறுவன் வெங்கடேசு கொள்ளும் உறவே கதை. பூமணியின் ‘வெக்கை’ (1982) பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் கதை. பால் வரையறைக்குள் அடங்காத ஒருவரைத் தலைமை மாந்தராகக் கொண்டு, தமிழில் அத்தகைய முயற்சி அரிதாக இருந்த காலத்திலேயே, ‘கோமதி’ என்னும் சிறுகதையை கி.ரா. எழுதியது மற்றொன்று.

ஒரே மண்ணில், ஒரே எழுத்தாளரிடத்திலேயே கூட, இவ்விரண்டும் தனித்தனியே நின்றன. பால்புதுமையரான ஒரு கரிசல் சிறுவரோ சிறுமியோ தம் போக்கில் மகிழ்ந்திருப்பதை மையமாகக் கொண்ட இளையோர் நாவல் தமிழில் இன்னும் கிளைத்து வளரவில்லை. கோவில்பட்டியில் வாழும் உதயசங்கர் கீழடியைப் பின்புலமாகக் கொண்டு எழுதிய ‘ஆதனின் பொம்மை’ 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்றுள்ளது. இளையோர் நாவல் என்னும் வகைமை இம்மண்ணில் உயிர்ப்புடன் உள்ளது என்பதற்கு அதுவே சான்று. எனவே, குறை வகைமையில் இல்லை.

உவகையின் நான்கு நிலைக்களன்கள்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையையும் உவகையையும் உடன் வைத்துள்ளார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பனவும், உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பனவும் நிலைக்களன்கள். திருநங்கையர் எழுத்து குறித்த ஆய்வேடுகள் முதல் நான்கைத் தேடியே பழகிவிட்டன. இளிவரல் இல்லாத பக்கத்தை ஆய்வாளர் விரைந்து புரட்டிவிடுகின்றனர்.

உவகையின் நான்கு களன்களை இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் நடப்போடு வைத்துப் பார்ப்பது பயன் தரும். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள மந்தித்தோப்பில் திருநங்கையருக்கெனக் குடியிருப்பும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தன. கறவை மாடும் சொந்த வீடும் சேர்ந்த வாழ்வு, செல்வம் என்னும் சொல்லின் பழைய பொருளுக்கு மிக அருகில் உள்ளது; மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் உண்டு. புலன் என்பதற்குக் கல்விப் பயனாகிய அறிவுடைமை என உரை கொண்டால், இம்மாவட்டத்தைச் சேர்ந்த கிரேஸ் பானு பொறியியல் கல்லூரியில் இடம்பெற்றதும், சாதியையும் பாலினத்தையும் இணைத்து அவர் முன்வைத்த உரிமைக் குரலும் அதன்கண் அடங்கும். புணர்வுக்கு நீதிமன்றமே சான்று: 2018இல் தூத்துக்குடிக் கோயிலொன்றில் ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய அலுவலர் மறுத்தபோது, சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பில், இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று அறிவித்தது.

எஞ்சுவது விளையாட்டு. இது மட்டும் அரசாணையாலோ தீர்ப்பாலோ வருவதில்லை. வளர்ந்தபின் ஈடு செய்யக்கூடியதுமன்று. இளையோர் புனைவின் தனிப்பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. பேராசிரியர் விளையாட்டுக்கு ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி வருதலை எடுத்துக்காட்டுவார். கரிசலில் ஆறு ஏது? கண்மாயும் களத்துமேடும் பருத்திக்காடும் உண்டு. அவற்றில் ஆடியவர்கள் யார் யார் என்பதுதான் கேள்வி.

‘கோமதி’யும் அதற்கு அப்பாலும்

கோமதி என்னும் பெயரே ஆராயத்தக்கது. சங்கரன்கோவிலில் உறையும் கோமதியம்மனின் பெயர் அது. அவ்வட்டாரத்தில் பெண்களுக்குக் கோமதி என்றும் ஆண்களுக்குக் கோமதிநாயகம் என்றும் பெயரிடுவர். கோமதிநாயகமும் பேச்சில் கோமதியாகக் குறுகுவதுண்டு. அரனும் அரியும் ஓருருவாக நிற்கும் தலத்து அம்மனின் பெயரைத் தம் கதைமாந்தருக்குக் கி.ரா. எண்ணியே இட்டாரோ, ஊர்வழக்காக அமைந்ததோ, எவ்வாறாயினும் அப்பெயர் கதைக்கு வெளியிலிருந்தும் பொருள் பெறுகிறது.

ஆணாகப் பிறந்து, பெண்களோடு இருப்பதையே விரும்பி, சமையலில் தேர்ந்தவராக விளங்கும் கோமதி, ஓர் ஆடவர்மீது கொள்ளும் ஆசை கைகூடுவதில்லை. இக்கதையை வாசிப்போர் இறுதியையே நினைவில் கொள்கின்றனர். சமையற்கட்டில் கோமதிக்குக் கிடைக்கும் பெருமிதமும் பெண்கள் கூட்டத்தில் கிடைக்கும் இடமும் கதையில் உள்ளவையே. ஆயினும் அம்மகிழ்ச்சி பிறர்க்கு உழைத்துப் பெறுவது. பிறர் சிரிக்க இடங்கொடுத்தும் பெறுவது. கோமதி வளர்ந்த ஆள். கோமதியின் பத்து வயதும் பதினைந்து வயதும் எப்படி இருந்திருக்கும் என்று விரித்துரைக்கச் சிறுகதையின் அளவில் இடமில்லை. வெங்கடேசுவுக்குக் கிடைத்த பிள்ளைப் பருவம் கோமதிக்குக் கிடைத்திருந்தால் அது எவ்வகை நூலாக இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

நெல்லைச் சீமையைச் சேர்ந்த சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ (1994) இளமைக்கு மேலும் நெருங்கி வருகிறது. அதன் தலைமை மாந்தர் சுயம்பு பொறியியல் மாணவர்; பின்னர் மேகலையாகிறார். கல்லூரி விடுதியைக் களமாகக் கொண்டும், இந்நாவல் இளையோர்க்கென எழுதப்பட்டதன்று. பொது வாசகரின் மனச்சான்றை நோக்கி வாதாடுவது அதன் குறிக்கோள். அன்று அவ்வாதம் தேவையாக இருந்தது. அதனை இன்று குறை கூறுவது எளிது, முறையன்று. ஆனால் வாதாடும் நூலில் கதைமாந்தரின் மகிழ்ச்சிக்கு நேரம் குறைவு. வழக்குக்கு வேண்டியது காயமே.

தன்வரலாறுகளில் ஒளிந்த விளையாட்டு

விளையாட்டு எங்கே இருக்கிறது என்று தேடினால், அது தன்வரலாறுகளின் தொடக்க இயல்களில் கிடைக்கிறது. ஊர்த் திருவிழாவில் குறத்தி வேடமிட்டு ஆடிய நாளை ஆ. ரேவதி ‘வெள்ளை மொழி’யில் நினைவுகூர்கிறார். பார்த்தவர்களுக்கு அது வேடம், இட்டவருக்கு இயல்பு. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’வில் (2007) கதவைச் சாத்திக்கொண்டு அக்காவின் உடையணிந்து ஆடும் சிறுபிள்ளை வருகிறது.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் உவகைக்குச் சாட்சி வேண்டுமா என்னும் வினா எழுகிறது. ரேவதிக்கு ஊரே சாட்சி, ஆனால் ஊர் கண்டது வேறொன்றை. வித்யாவின் உவகைக்குச் சாட்சி இல்லை. தாழிட்ட கதவே அதற்குக் காப்பு. கண்டு மகிழும் ஒரு தோழியோ தம்பியோ அமையும் மூன்றாம் நிலை இந்நூல்களில் அரிது. வாழ்க்கையில் அமையாததை வரலாறு எழுத முடியாது. புனைவு எழுதலாம்.

இத்தருணங்கள் குறுகியவை என்பதும் கருதத்தக்கது. தன்வரலாற்றில் அவை பெரும்பாலும் சான்றுகளாகப் பயன்படுகின்றன: பெண்மை சிறுவயதிலேயே இருந்தது என்று மருத்துவருக்கும் குடும்பத்துக்கும் வாசகருக்கும் மெய்ப்பிக்கும் சான்றுகள். சான்றாகிவிட்ட விளையாட்டு விரைவில் முடிந்துவிடுகிறது.

கடல் கடந்த ஒப்பீடு

ஈழத்தமிழ்த் தந்தைக்குப் பிறந்து கனடாவில் குடியேறிய ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) ஆங்கில நாவலின் முதற்பகுதியில், கொழும்பில் பாட்டி வீட்டில் மாதம் ஒரு ஞாயிறன்று கூடும் சிறார் கல்யாண விளையாட்டு ஆடுகின்றனர். மணப்பெண் அர்ஜி என்னும் சிறுவன். சேலை சுற்றி, கண்ணாடி முன் நின்று, தன்னைவிடப் பெரிய ஒன்றாக மாறும் அப்பொழுதை ஆசிரியர் விரைவின்றி எழுதுகிறார். பின்னர் பெரியவர்கள் காண்கிறார்கள், சிரிப்பும் தடையும் வருகின்றன. ஆயினும் வாசகர் அதற்குள் அவ்விளையாட்டில் போதிய நேரம் இருந்துவிட்டார். தண்டனை வந்தபோது அது இழப்பாகத் தோன்றுவதற்குக் காரணம் அந்நீட்சியே. மதுரைக் கிளையின் தீர்ப்பு விரித்துரைத்த ‘மணமகள்’ என்னும் சொல்லை ஒரு கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு சிறுவன் விளையாட்டாக ஏற்றிருந்தான் என்பதும் இங்கு நினையத்தக்கது. அவரே இளையோர்க்கென எழுதிய ‘சுவிம்மிங் இன் த மான்சூன் சீ’ (2005) 1980ஆம் ஆண்டுக் கொழும்பில், கனடாவிலிருந்து வந்த உறவினன்மீது ஈர்ப்புக் கொள்ளும் பதினான்கு வயது அம்ரித்தின் கதை. பள்ளி நாடகமும் மழைக்காலக் கடலும் அதில் ஈர்ப்போடு சேர்ந்தே வருகின்றன.

இந்திய ஆங்கில இளையோர் நாவல்களுள் ஹிமாஞ்சலி சங்கரின் ‘டாக்கிங் ஆஃப் முஸ்கான்’ (2014) முன்னோடி. நண்பர்கள் மூவர் மாறி மாறிக் கதை சொல்கின்றனர். தற்கொலைக்கு முயன்ற முஸ்கான் மட்டும் தன் குரலில் பேசுவதில்லை. நோக்கம் நன்று. எனினும் அவளைப்பற்றிப் பேசுவோர் நடுவே அவளது மகிழ்ச்சியைச் சொல்ல எவருமில்லை. அமெரிக்காவில் இவ்வகையின் தொடக்கமாகக் கருதப்படும் ஜான் டோனவனின் 1969ஆம் ஆண்டு நாவலில் இரு சிறுவர் நெருங்கியதை அடுத்து ஒருவனின் நாய் விபத்தில் இறக்கிறது. இருவர் பிரியாமல் முடியும் நான்சி கார்டனின் ‘ஆனி ஆன் மை மைண்ட்’ வர 1982 ஆயிற்று. அதாவது, துயரிலிருந்து உவகைக்கு நகர அம்மொழிக்கும் காலம் பிடித்தது.

பிள்ளைகளின் நூல்கள் ஆடியாகவும் சாளரமாகவும் அமைய வேண்டும் என்று ருடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதினார். சென்னைத் தூலிகா வெளியிட்ட கனக் சசியின் ‘குட்லி ஹேஸ் விங்ஸ்’ படநூல் அதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டு: ஆணென்று பிறர் கூறும் குட்லி தன்னைச் சிறுமியாகவே அறிகிறாள், இறுதியில் தாய் அவளுக்குக் கவுன் தருகிறாள். கதை அவ்வளவே. கண்டு மகிழும் சாட்சி அங்கே தாய்.

மகிழ்ச்சியை எழுதுவது வன்முறையை மறைப்பதாகாதா என வினவலாம். இதற்கு விடை கரிசலிலேயே உள்ளது. ‘வெக்கை’யில் கொலைக்குப்பின் காட்டில் ஒளிந்து திரியும் தந்தையும் மகனும் சமைக்கிறார்கள், உண்கிறார்கள், பேசுகிறார்கள். துரத்தல் ஒரு கணமும் மறக்கப்படுவதில்லை. அவ்வாறிருந்தும் அந்நாவலின் பேரன்பு அச்சமையல் நெருப்பின் அருகிலேயே உள்ளது.

பாலீறும் வட்டார வழக்கும்

தன்வரலாறு இவ்வெழுத்துக்கு இயல்பான வடிவமாக அமைந்ததற்கு இலக்கணக் காரணமும் ஒன்றுண்டு. தமிழில் தன்மை வினை பால் காட்டாது. ‘நான் ஆடினேன்’ என்பதில் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. படர்க்கையில் கதை சொல்லத் தொடங்கியதும் -ஆன், -ஆள் என்னும் ஈறுகளுள் ஒன்றை ஒவ்வொரு வாக்கியத்திலும் தேர்ந்தாக வேண்டும். இச்சிக்கலைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார். ஆண்மை திரிந்த பெயர்களுக்குத் தமக்கென ஈறில்லை, உயர்திணைப் பாலீற்றையே அவை ஏற்கும் எனக் கிளவியாக்கத்தில் விதித்துள்ளார். ஈறில்லை என்ற அவர் உயர்திணை இல்லை என்னவில்லை.

எழுத்துத்தமிழ் தராத வழியைக் கரிசல் பேச்சு தருகிறது. கரிசலிலும் அதை ஒட்டிய முகவை, மதுரைப் பகுதிகளிலும் ‘அவுக வந்தாக’ என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான மதிப்புரை. சிறுபிள்ளைகளுக்கோ ‘புள்ள அழுதுச்சு’, ‘புள்ள தூங்கிருச்சு’ என அஃறிணை முடிபு. அதில் இழிவு இல்லை, கொஞ்சலே உண்டு. ஆக, ஒருவர் வாழ்வின் தொடக்கத்திலும் முதிர்விலும் இவ்வழக்கு பால் கேட்பதில்லை. ‘புள்ள வந்துச்சு’ என்ற வீடு ‘வந்துட்டான்’ என்றோ ‘வந்துட்டா’ என்றோ மாறும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் கேட்கிறது. அவ்வாண்டுகளே இளையோர் நாவலின் காலம்.

வட்டார வழக்கைக் கதைசொல்லியின் மொழியாகவே ஆக்கிக் காட்டிய கி.ரா.வின் வழியில் எழுதுவோர்க்கு, ‘புள்ள’ என்ற சொல்லைப் பதினைந்து வயது வரை நீட்டித்துக் கதை நடத்துவது அரிய செயலன்று. முறைப்பெயர்களே கடினம். நேற்றுவரை ‘அண்ணே’ என்று அழைத்த தங்கை ‘யக்கா’ என்று முதன்முறை அழைக்கும் பொழுதை, அழைத்தவளின் தயக்கத்தோடும் திரும்பிப் பார்த்தவரின் முகத்தோடும், ஓர் அடுப்படியின் வெளிச்சத்தில் முழு அத்தியாயமாக எழுத வேண்டியிருக்கும்.